ரிசீவரில் எந்த மோட்? முதலில் உள்ளே வருவதைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் ஹோம் தியேட்டர் ரிசீவர் வீட்டுக்கு வருவது பல நேரம் செகண்ட்ஹேண்டாகத்தான். கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளை தனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதை அப்பா வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். பெட்டி வரும், ஐந்து ஸ்பீக்கர் வரும், தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபரும் வரும். கையேடு மட்டும் வராது.

அப்புறம் ரிமோட்டோடு மல்லுக்கட்டு. ஒலி மோட் பட்டனை அமுக்க அமுக்க ஸ்டீரியோ, டைரக்ட், டால்பி சரவுண்ட், நியூரல் எக்ஸ், மல்டி சேனல் ஸ்டீரியோ, ராக் அரீனா, ஜாஸ் கிளப் என்று பெயர்கள் முகப்பில் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சத்தம் மாறுகிறது. எல்லா ஸ்பீக்கரும் பாடினால்தான் சரி என்பார் ஒருவர். ஒன்றையும் தொடாதே, டைரக்டில் போட்டுவிடு என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் சில இடத்தில் சரி, சில இடத்தில் படுதவறு. எங்கே சரி என்பது ரிசீவருக்குள் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் மோட் பட்டனை அமுக்குவது, சீட்டைப் படிக்காமல் மருந்தை மாற்றுவது போல.

தடம் வேறு, ஸ்பீக்கர் வேறு

ரிசீவர் என்பது ஒலியை வாங்கி, பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. அது வாங்கும் ஒலி தனித்தனித் தடங்களாக வரும். ஒரே தடம் என்றால் மோனோ. இடது, வலது என இரண்டு என்றால் ஸ்டீரியோ. முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது என ஐந்தும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வுகளுக்கென்றே ஒரு தடமும் இருந்தால் 5.1. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த 1தான் வெடிச்சத்தமும் இடியும் வருகிற தடம்.

தடங்களின் எண்ணிக்கையைப் படத்தை உருவாக்கியவர் முடிவு செய்கிறார். ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை உங்கள் வீட்டு விஷயம். இரண்டும் பொருந்தினால் மோட் என்ற கேள்விக்கே இடமில்லை. வந்ததை வந்தபடி விட்டுவிடலாம். பொருந்தாதபோது யாராவது ஒரு முடிவு எடுக்க வேண்டும். இரண்டு தடம் வந்து ஐந்து ஸ்பீக்கர் காத்திருந்தால் மற்ற மூன்றுக்கும் என்ன கொடுப்பது? அந்த முடிவுக்குத்தான் மோட் என்று பெயர்.

ஒரு பட்டன், மூன்று வேலை

குழப்பத்தின் வேர், சம்பந்தமே இல்லாத மூன்று வேலைகளை ஒரே பட்டனில் அடுக்கியிருப்பதுதான்.

1. வந்ததை அப்படியே கொடுப்பது. ஸ்டீரியோ வந்தால் இரண்டு ஸ்பீக்கர், 5.1 வந்தால் ஆறும். யமஹாவில் இதற்கு ஸ்ட்ரெய்ட் என்று பெயர். டெனான், மராண்ட்ஸ் பெட்டிகளில் ஆட்டோ, டைரக்ட், ப்யூர் டைரக்ட் என்று மூன்று படி உண்டு. பழைய சோனியில் ஏ.எஃப்.டி. என்ற எழுத்துகள் தெரியும்.

2. குறைவாக வந்ததைப் பெருக்கிக் கொடுப்பது. புரோ லாஜிக் 2, டால்பி சரவுண்ட், நியோ 6, நியூரல் எக்ஸ் எல்லாம் இந்த வகை. ஆளில்லாத ஸ்பீக்கர்களுக்கு இருக்கும் தடங்களிலிருந்தே பங்கு பிரிப்பவை.

3. வராததைச் சேர்த்துக் கொடுப்பது. மண்டபம், கிளப், ஸ்டேடியம் என்ற பெயர்களில் இருப்பவை எதிரொலியைக் கணக்கிட்டுச் சேர்க்கின்றன.

மல்டி சேனல் ஸ்டீரியோ, ஆல் சேனல் ஸ்டீரியோ என்பது இரண்டாவதின் முரட்டுத் தம்பி. அது எதையும் பிரிப்பதில்லை. இடதை இடப்பக்கம் இருக்கும் எல்லா ஸ்பீக்கருக்கும், வலதை வலப்பக்கம் எல்லாவற்றுக்கும், இரண்டையும் கூட்டி நடுவுக்கும் ஊற்றிவிடும்.

டைரக்டில் போடு என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பல ரிசீவர்களில் டைரக்ட், ப்யூர் டைரக்ட் மோடுகள் ட்ரெபிள், பேஸ் திருத்தங்களை மட்டுமல்ல, மைக் வைத்து அறையை அளந்து செய்த திருத்தத்தையும் கழற்றிவிடும். சப்வூஃபருக்குப் போக வேண்டிய தாழ்ந்த ஒலியும் பிரிக்கப்படாமல் முன் ஸ்பீக்கர்களுக்கே போகும். ஆள் உயர ஸ்பீக்கர் உள்ள வீட்டில் பாதகமில்லை. நான்கு அங்குலக் கோன் உள்ள சின்னப் பெட்டி ஸ்பீக்கர் என்றால் தவில் சத்தம் தகர டப்பா சத்தமாகும். சுத்தமான ஒலி என்ற பெயரில் பாதி ஒலியை இழக்கிறோம்.

இரண்டு எப்படி ஐந்தாகிறது

பெருக்கும் மோடுகள் மாயமந்திரம் செய்வதில்லை. அவற்றின் தர்க்கம் 1970களில் தியேட்டர்களுக்கு வந்த டால்பி ஸ்டீரியோவிலிருந்து வருவது. அன்று பிலிமில் இருந்த இரண்டு தடங்களுக்குள் நான்கைச் சுருட்டி வைத்தார்கள். நடுவில் கேட்க வேண்டியதை இரண்டு தடத்திலும் ஒரே அளவில், ஒரே போக்கில் பதிந்தார்கள். பின்னால் கேட்க வேண்டியதை ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் பதிந்தார்கள். திரும்பப் பிரிக்கும் கருவி இரண்டையும் ஒப்பிடுகிறது. ஒத்துப்போவது நடுவுக்கு, முரண்படுவது பின்னுக்கு, ஒரு பக்கம் மட்டும் இருப்பது அந்தப் பக்கத்துக்கு.

வீட்டுக்கான புரோ லாஜிக் 1987இல் வந்தது, புரோ லாஜிக் 2 2000இல். 2014இல், தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் அட்மோஸ் ரிசீவர்களோடு டால்பி சரவுண்ட் என்ற பழைய பெயரையே புதிய கருவிக்குச் சூட்டினார்கள். உங்கள் பெட்டியில் எந்தப் பெயர் தெரிகிறது என்பதை வைத்தே அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். தர்க்கம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதேதான். புதியவை ஒலியைப் பல அதிர்வெண் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒப்பிடுவதால் குழப்பம் குறைவு.

இது புரிந்தால் பழைய பாட்டு ரசிகர்களின் நெடுநாள் புகார் ஒன்றுக்கும் விடை கிடைத்துவிடும். அறுபதுகளின் பாட்டைப் போட்டால் நடு ஸ்பீக்கர் மட்டும் முனகுகிறது, மற்ற நான்கும் ஊமை, ரிசீவர் கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்க ஈப்போ நகர் வரை தூக்கிக்கொண்டு போகிறார்கள். ரிசீவருக்கு ஒன்றுமில்லை. அந்தப் பாட்டு மோனோ. கைத்தொலைபேசியிலிருந்து அது இரண்டு தடமாக வந்தாலும், இரண்டிலும் இருப்பது ஒன்றே. இரண்டும் முழுக்க ஒத்துப்போவதால் பெருக்கும் மோட் அத்தனையையும் நடுவுக்கு அனுப்பிவிடுகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

தமிழ்த் திரைப்பாடல்களில் ஸ்டீரியோ பரவியது எழுபதுகளின் கடைசியில். இளையராஜா இசையமைத்து 1978இல் வந்த 'ப்ரியா' பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. அதற்கு முந்தையவற்றில் மிகப் பெரும்பாலானவை மோனோதான். அவற்றுக்கு ஸ்டீரியோ மோட் போதும். இரண்டு முன் ஸ்பீக்கரும் சமமாகப் பாட, குரல் நடுவில் நிற்கும். வீடு முழுக்கக் கேட்க வேண்டும் என்றால் மல்டி சேனல் ஸ்டீரியோ.

பின்னாளில் கணினியில் போலி ஸ்டீரியோவாக மாற்றப்பட்ட பழைய பாடல்கள் வேறு விதமாகப் படுத்தும். இரண்டு தடத்துக்கும் இடையே செயற்கையாக முரண் உண்டாக்கப்பட்டிருப்பதால், பாடகரின் குரல் சில நொடி முன்னாலும் சில நொடி பின்னாலும் அலையும். பெருக்கும் மோடை எடுத்துவிட்டால் குரல் நின்றுவிடும்.

உண்மையான ஸ்டீரியோப் பாடல்களுக்குப் பெருக்கும் மோட் வைப்பதா என்பது ரசனை. படத்துக்கு அது நல்லது. பாட்டுக்குப் பல நேரம் இசை விரிந்து கேட்கும் மேடையை நடுவில் இறுக்கிவிடுகிறது என்பது என் கருத்து. டால்பி சரவுண்டில் சென்டர் ஸ்ப்ரெட் என்ற தேர்வு இருந்தால் பாட்டின்போது அதை இயக்கிப் பாருங்கள். குரல் மூன்று முன் ஸ்பீக்கருக்கும் பரவும்.

உள்ளே வருவது என்ன

சரி, வருவது எது என்று எப்படித் தெரியும்? ரிமோட்டில் இன்ஃபோ, ஸ்டேட்டஸ், டிஸ்ப்ளே என்று ஏதோ ஒரு பட்டன் இருக்கும். அதை அமுக்கினால் பிசிஎம், டால்பி டிஜிட்டல், டால்பி டிஜிட்டல் பிளஸ், டிடிஎஸ், ட்ரூஎச்டி என்று ஒலி வடிவத்தின் பெயரும் தடங்களின் எண்ணிக்கையும் வரும். எண்ணிக்கை 2.0 என்று இருந்தால் வருவது ஸ்டீரியோ, டிவிடி உறையில் 5.1 என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தாலும்.

படம் 5.1 ஆக இருந்தும் ரிசீவரில் 2.0 தெரிகிறதா? அப்படியானால் மோட் பட்டனில் கை வைக்க வேண்டாம். கோளாறு வழியில் இருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

1. டிவியின் ஒலி அமைப்பு பிசிஎம்மில் இருக்கிறதா? பல டிவிகள் அந்த அமைப்பில் இருக்கும்போது ஐந்து தடத்தையும் இரண்டாக மடித்துத்தான் வெளியே அனுப்பும். ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம், பாஸ்த்ரூ என்று இருப்பவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஊரில் இருக்கும் செட்டுகளில் பாதிக் குற்றவாளி இந்த ஒரு வரி என்றுதான் நினைக்கிறேன்.

2. எந்தக் கேபிள்? ஆப்டிகல் கேபிளில் இரண்டு தட பிசிஎம்மோ 5.1 டால்பி டிஜிட்டலோ டிடிஎஸ்ஸோ போகலாம். ஸ்ட்ரீமிங் சேவைகள் அனுப்பும் டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. டிவி அதை டால்பி டிஜிட்டலாக மாற்றித் தந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஸ்டீரியோதான். எச்டிஎம்ஐ கேபிளை, டிவியின் ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி என்று எழுதிய துளையில் மாட்டினால் பிளஸும் வரும். ப்ளூரேயின் ட்ரூஎச்டி டிவி வழியாக வர வேண்டும் என்றால் டிவி, ரிசீவர் இரண்டிலும் அதன் மேம்பட்ட வடிவமான ஈஏஆர்சி இருக்க வேண்டும். பிளேயரை நேராக ரிசீவரில் மாட்டிவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

3. செயலிக்குள் எந்த ஒலித்தடம் தேர்வாகியிருக்கிறது? ஒரே படத்தில் தமிழ் ஸ்டீரியோவிலும் இன்னொரு மொழி 5.1இலும் இருப்பதுண்டு. இதில் ரிசீவரால் ஒன்றும் செய்ய முடியாது.

யூடியூப் காணொளிகளும் தொலைக்காட்சித் தொடர்களும் பெரும்பாலும் இரண்டு தடத்திலேயே வரும். அங்கே 2.0 என்று காட்டினால் பதற வேண்டாம்.

வசனம் கேட்கவில்லை

சண்டைக் காட்சியில் வீடு அதிர்கிறது, அடுத்த காட்சியில் அம்மா பேசுவது கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் உள்ள இந்தப் புகாருக்கு மோடை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வழக்கமான வைத்தியம். உண்மையில் மோட் இங்கே கடைசிச் சந்தேக நபர்.

5.1 படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுத் தடத்தில் இருக்கிறது. ஆகவே முதலில் நடு ஸ்பீக்கர். அது வீட்டில் இல்லை, ஆனால் ரிசீவரின் அமைப்பில் இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது என்றால், வசனம் ஆளில்லாத நாற்காலிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அமைப்பில் சென்டர் இல்லை என்று மாற்றினால் ரிசீவர் அந்தத் தடத்தை இடம், வலம் இரண்டுக்கும் பங்கிட்டுவிடும்.

ஸ்பீக்கர் இருக்கிறது, ஆனால் டிவி மேசையின் அடித்தட்டில், சாமி படத்துக்கும் பூச்சாடிக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறதா? அதை முன்னுக்கு இழுத்து, முகத்தைக் காது உயரத்துக்குச் சாய்த்து வையுங்கள். பிறகும் போதவில்லை என்றால் சென்டர் அளவை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். மொத்த வால்யூமையும் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் வெடிச்சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இவ்வளவும் செய்தபின் மிஞ்சுவது இடைவெளி. சினிமா ஒலியில் மெல்லியதற்கும் பலத்ததற்கும் உள்ள தூரம், அமைதியான பெரிய அரங்குக்காக அமைக்கப்பட்டது. துத்தநாகக் கூரை மேல் சாயங்கால மழை கொட்டும் வீட்டுக்காக அல்ல. அந்தத் தூரத்தைச் சுருக்கும் வசதி நைட் மோட், மிட்நைட், டிஆர்சி, டைனமிக் ரேஞ்ச் என்ற பெயர்களில் மெனுவுக்குள் இருக்கும். பெயரைப் பார்த்து இரவுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மழை நேரத்தில் இதைவிட உபகாரமான அமைப்பு கிடையாது. படத்தின் பிரமாண்டம் சற்றுக் குறையும், கதை புரியும்.

மண்டபமும் கிளப்பும்

மூன்றாவது வகைக்கு ஒரு நியாயமான வரலாறு உண்டு. யமஹா 1986இல் டிஎஸ்பி 1 என்ற கருவியை விற்றது. உண்மையான அரங்குகளில் ஒலி எப்படிச் சுவரில் மோதித் திரும்புகிறது என்று அளந்து, அந்த எதிரொலியை வீட்டில் உருவாக்குவதுதான் அதன் நோக்கம். இன்றைய யமஹா ரிமோட்டில் வியன்னா மண்டபம், ம்யூனிக் மண்டபம் என்று வரும் பெயர்கள் அந்தப் பரம்பரை.

கம்பளமும் திரைச்சீலையும் நிறைந்த, எதிரொலியே இல்லாத அறைக்கு அது பொருந்தும். நம்மூர் வரிசை வீட்டு ஹாலில் தரையெல்லாம் டைல்ஸ், சுவர் வெறும் சிமெண்டு, ஜன்னல் கண்ணாடித் தகடுகள். எதிரொலி ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. அதன்மேல் வியன்னாவையும் ஏற்றினால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். ஒரு பாய், ஒரு தடித்த திரை, துணி போட்ட சோஃபா இவை மூன்றும் எந்த மோடையும்விட அதிக மாற்றம் தரும்.

அட்மோஸ் என்ற எழுத்து

அட்மோஸ் 2012இல் தியேட்டருக்கும் 2014இல் வீட்டு ரிசீவருக்கும் வந்தது. தடங்களோடு, இந்த ஒலி அறையில் இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் சேர்ந்து வருவதுதான் இதில் புதுமை. வீட்டில் எத்தனை ஸ்பீக்கர், எங்கெங்கே என்று பார்த்து ரிசீவர் கணக்குப் போடும்.

கூரையில் ஸ்பீக்கர் இல்லாதவர் எதையாவது இழக்கிறாரா? ஒலி எதுவும் காணாமல் போகாது. தலைக்கு மேல் கேட்க வேண்டியது காது உயரத்தில் கேட்கும். மேல்நோக்கிப் பாடி, கூரையில் பட்டுத் திரும்பும் ஸ்பீக்கர்கள் சந்தையில் உண்டு. அவற்றுக்குத் தட்டையான, கெட்டியான சீலிங் வேண்டும். சீலிங்கே அடிக்காத சரிவுக் கூரை உள்ள பழைய தோட்ட வீட்டில் அது வீண் செலவு. நெட்ஃபிலிக்ஸில் அட்மோஸ் வேண்டும் என்றால் பிரீமியம் திட்டமும் வேண்டும், அதையும் கணக்கில் வையுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர்

40 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வைச் சுவர் அவ்வளவாகத் தடுக்காது. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வசனம் ஒரு வார்த்தையும் கேட்காது. சப்வூஃபரின் தம் தம் மட்டும் ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டிலில் தட்டும். நைட் மோட் இதை ஓரளவே குறைக்கும். சப்வூஃபர் அளவையே தனியாகக் குறைப்பதும், அதைப் பொதுச் சுவரின் மூலையிலிருந்து நகர்த்துவதும்தான் பலன் தரும். மூலை, தாழ்ந்த ஒலியை ஊதிப் பெரிதாக்கும் இடம்.

எதற்கு எது

இத்தனை பெயரில் அன்றாடம் வேண்டியவை மூன்றோ நான்கோதான்.

1. 5.1 அல்லது அட்மோஸ் வரும் படம்: வந்தபடி. ஆட்டோ, ஸ்ட்ரெய்ட்.

2. இரண்டு தடத்தில் வரும் படம், ஆஸ்ட்ரோ டிவித் தொடர்: டால்பி சரவுண்ட் அல்லது புரோ லாஜிக் 2இன் மூவி. வசனம் திரைக்கு நடுவில் வந்து உட்காரும். ஓரத்து நாற்காலியில் இருப்பவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

3. பாட்டு: ஸ்டீரியோ.

4. தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பு: மல்டி சேனல் ஸ்டீரியோ. சமையலறையில் முறுக்கு எடுத்து வைப்பவருக்கும் வாசலில் பந்தலுக்கடியில் இருப்பவருக்கும் ஒரே பாட்டு கேட்க வேண்டும். அங்கே யாரும் ஸ்டீரியோ மேடையைத் தேடப்போவதில்லை.

பல ரிசீவர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் கடைசியாக வைத்த மோடைத் தனித்தனியே நினைவில் வைக்கும். டிவிக்கு ஒருமுறை, ப்ளூடூத்துக்கு ஒருமுறை என்று வைத்துவிட்டால் பிறகு தொட வேண்டியிருக்காது. ஆனால் அதே நினைவாற்றலால், உபசரிப்பு அன்று மாற்றிய மல்டி சேனல் ஸ்டீரியோ அடுத்த தீபாவளி வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். விருந்தினர் போனதும் பந்தலைப் பிரிக்கும்போது அதையும் திருப்பி வைத்துவிடுங்கள்.